இல்லறச் சிந்தனை: பாட்டிக்கு ஒரு வீடு



அரிவாள்மனையைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது நம் தாய்மாருக்கு யாரும் சொல்லித் தந்த பாடமன்று. ஆனால் கணினியைக் குழந்தையின் முன் வைக்கும்போது மட்டும் அந்த முன்யோசனை நம்மை விட்டு அகன்றுவிடுகிறது. “அவனுக்கே எல்லாம் தெரியும்” என்று பெருமையோடு கூறி, நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அப்படிப் போனவர்களுள் நானும் ஒருவன். அதனால் நேர்ந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

என் பேரனுக்கு அப்போது ஐந்து வயது. என் மனைவி இறைவனடி சேர்ந்து நாற்பது நாள்கூட நிறையவில்லை. வீட்டுக் கணினியில் அவனுக்கென ‘டக்ஸ் பெயின்ட்’ என்னும் ஓவிய நிரலை ஏற்றிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் மாலை அதில் அவன் பாட்டியை வரைந்தான். வட்டமான முகம், நீலப் புடவை, மடியில் நீளமாய்த் தொங்கும் செபமாலை. கலைஞர் எவரும் அதனைப் பாராட்டியிருக்க மாட்டார். எனக்கோ அவளே திண்ணையில் வந்து அமர்ந்தது போலிருந்தது. நாளை அச்செடுத்துச் சட்டம் போடுவோம் என்று எண்ணிப் படுத்தேன்.

மறுநாள் மாலை பார்த்தபோது பாட்டி இல்லை. திரை முழுவதும் செங்கற்கள்; அவற்றின்மேல் மழைத் துளிகள். பழைய படம் எங்கும் கிடைக்கவில்லை. நான் கோபத்தில் கத்திவிட்டேன். குழந்தை சுவரோரம் ஒதுங்கி நின்று விம்மினான்.

என்ன நடந்தது என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

டக்ஸ் பெயின்ட், சிறுவர்களுக்காக 2002-ஆம் ஆண்டில் அமெரிக்கரான பில் கென்ட்ரிக் என்பவர் தொடங்கிய நிரலாகும். இதற்கு விலை இல்லை. யாரும் பெற்றுப் பயன்படுத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். இடப்பக்கம் தூரிகை, முத்திரை, கோடு, வடிவம், எழுத்து, அழிப்பான் முதலிய கருவிகள் வரிசையாக நிற்கும். வலப்பக்கம் அந்தந்தக் கருவிக்குரிய வகைகள் தோன்றும். கீழே வண்ணங்கள். அவற்றிற்கும் கீழே ஒரு சிறு பென்குவின் நின்று, அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொல்லும். ‘மாயம்’ என்னும் கருவியைத் தொட்டால் வானவில், மழை, புல், செங்கல் ஆகியவற்றைத் திரையில் இழைக்கலாம். படத்தைச் சேமிக்கும்போது பெயர் கேட்டுக் குழந்தையைத் திகைக்க வைப்பதில்லை. தானே தனக்குரிய இடத்தில் வைத்துக்கொள்ளும்.

நாம் மாற்றாதவரை, இந்நிரல் திறக்கும்போது கடைசியாக வரைந்த படத்தையே மீண்டும் காட்டும். அதன்மேல் ஏதேனும் தீட்டிச் சேமித்தால், பழைய படத்திற்குப் பதிலாக இதனை வைக்கலாமா, அல்லது புதிய படமாக வைக்கலாமா என்று கேட்கும். கேள்வி நியாயமானதே. ஆனால் எழுத்துக் கூட்டவும் அறியாத ஐந்து வயதுக் குழந்தை, ஆங்கிலத்தில் வரும் அக்கேள்விக்கு என்ன விடை சொல்வான்? கைக்கு வந்த பொத்தானை அழுத்தினான். பாட்டியின் இடத்தில் செங்கல் அமர்ந்தது. செய்ததை மீட்கும் பொத்தான் ஒன்று உண்டு. ஆனால் படம் திறந்திருக்கும் வரையில்தான் அது உதவும். மூடியபின் பயனில்லை.

இதைத் தடுக்கும் வழி முன்பே இருந்தது என்பதை அன்றிரவுதான் அறிந்தேன். நிரலின் அமைப்புகளை மாற்றுவதற்கென்றே ‘டக்ஸ் பெயின்ட் கான்ஃபிக்’ என்னும் தனி நிரல் உள்ளது. குழந்தை வரையும் இடத்திலிருந்து அது விலகி நிற்கிறது. ஆகையால் குழந்தை தவறிப்போய் எதையும் மாற்றிவிட இயலாது. வீட்டின் சாவி பெரியவர் மடியில் இருப்பது போன்ற ஏற்பாடு இது. அதில் நான் மாற்றியவற்றைக் கூறுகிறேன், உங்களுக்கும் பயன்படலாம்.

முதலாவது, சேமித்தல் பகுதியில் ‘எப்போதும் புதிய படமாகவே சேமி’ என்பதைத் தேர்ந்தேன். இனிப் பழைய படம் எதுவும் அழியாது, கேள்வியும் எழாது. கணினியில் சிறிது இடம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.

இரண்டாவது, வெறுந்தாளோடு தொடங்குமாறு செய்தேன். நேற்றைய படம் வேண்டுமெனில் குழந்தை தானே தேடித் திறக்கலாம்.

மூன்றாவது, மொழிப் பகுதியில் தமிழைத் தேர்ந்தேன். எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் பென்குவின் சொல்வதை அவனே படிப்பான் அன்றோ!

நான்காவது, சுட்டியின் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வேலை செய்யுமாறு அமைத்தேன். சிறு விரல்களுக்கு இடம் வலம் என்ற வேறுபாடு தெரியாது. திரை முழுவதையும் நிரலே நிறைக்குமாறும் செய்தேன். அதனால் பிள்ளையின் கை என் கணக்கு வழக்குகளில் பட்டுவிடாது.

ஐந்தாவது, ஒரு படத்தை அச்சிட்டபின் மறு படத்தை அச்சிடச் சில நிமிடங்கள் காத்திருக்குமாறு விநாடிக் கணக்கில் இடைவெளி குறித்தேன். தாளும் மையும் மிச்சமாகும், பொறுமையும் பழகும்.

இவற்றைக் குறித்துவிட்டு ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். அடுத்த முறை ஓவிய நிரலைத் திறக்கும்போது மாற்றங்கள் நடைமுறைக்கு வரும். மொத்தத்தில் எனக்கு ஆன நேரம் அரை மணிக்கும் குறைவு. அந்த அரை மணியைச் செலவிடாத நான், குழந்தையின்மேல் குற்றம் சுமத்தினேன்!

மறுநாள் காலை அவனை மடியில் அமர்த்தி, “பாட்டியின்மேல் ஏன் கண்ணு செங்கல்லை அடுக்கினாய்?” என்று மெல்லக் கேட்டேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “மழைப் பொத்தானைத் தொட்டுவிட்டேன் தாத்தா. பாட்டி நனைந்துவிட்டார்கள். அதனால்தான் வீடு கட்டினேன். பாட்டி உள்ளே இருக்கிறார்கள்.”

என் மனைவியைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டு வந்த நாளில் நல்ல மழை பெய்தது. குழந்தை அதனை நினைவில் வைத்திருந்தான். நானோ அவன் அன்பைச் சேட்டை என்று எண்ணினேன். அறுபது வயதைக் கடந்த நான், ஐந்து வயதுக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். மூத்தவர் இளையவரிடம் மன்னிப்புக் கேட்பது நம் குடும்பங்களில் வழக்கமில்லை. ஆனால் ஆண்டவர் குழந்தையை நடுவில் நிறுத்தியது பெரியவர்களின் பாடத்திற்காகவே அன்றோ?

அதன்பின் அவன் பாட்டியைப் பலமுறை வரைந்தான். ஒன்றும் அழியவில்லை. ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், அந்தப் படங்களைத் தேர்ந்து ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஓடவிட்டோம். அதற்கும் அந்நிரலிலேயே வழி உண்டு. செங்கல் வீட்டுப் படத்தையும் அவற்றோடு சேர்க்கச் சொன்னேன். அதைத்தான் அச்செடுத்துச் சட்டம் போட்டு, செபமாலை தொங்கும் ஆணிக்கு அருகில் மாட்டியிருக்கிறேன்.

பெற்றோரே, கருவியைக் கொடுக்குமுன் அரை மணி அதனோடு அமருங்கள். குழந்தையைக் கண்டிக்குமுன் அரை நிமிடம் அவனோடு அமருங்கள். இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிறைவதாக.