ட்ரெட்மில்லில் ஓடுவது யார், நோட்டுப் புத்தகம் வைத்திருப்பது யார்?

உடற்பயிற்சி அறிவியல், விளையாட்டு அறிவியல், இயன்முறை மருத்துவம் என்று எதில் சேர்ந்தாலும், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் தம்பி தங்கைகளின் காதில் ஒரு வாசகம் விழுந்துவிடுகிறது: "டிகிரி மட்டும் போதாது, எக்ஸ்பீரியன்ஸ் வேணும்." சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. காயம்பட்ட முழங்காலைக் கையால் தொட்டுப் பார்க்காமல், ஓடி முடித்தவரின் நாடித்துடிப்பை எண்ணிப் பார்க்காமல் இந்தப் படிப்பைப் படிக்க முடியாதுதான். அனுபவம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நமக்குச் சண்டை இல்லை. அதற்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான் சண்டை.

மாநகரத்தில் ஒரு விளையாட்டு மருத்துவ மையம். இரண்டு மாதம் அல்லது மூன்று மாத இன்டர்ன்ஷிப். சம்பளம் கிடையாது. சில இடங்களில் சேருவதற்கே நாம்தான் பணம் கட்ட வேண்டும். அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் நம் கைக்காசு. கோடை விடுமுறையில் கேட்டரிங்குக்கும் பெயின்ட் வேலைக்கும் போய் அடுத்த வருடச் செலவுக்குச் சேர்த்து வைக்கும் பையன் என்ன செய்வான்? அவனுக்கு அந்த இன்டர்ன்ஷிப் இலவசம் இல்லை. செலவோடு, இழந்த கூலியும் சேர்ந்து இரட்டை நட்டம். கூடவே, விடுமுறை விட்டால் விடுதியும் பூட்டு. (2025இல் 'சமூக நீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். நல்லது. சாவியையும் கொஞ்சம் கவனித்தால் தேவலை.) அப்பாவுக்கு அண்ணா நகரில் வீடு இருக்கும் பையன் அதே மூன்று மாதத்தில் சான்றிதழோடு வருகிறான். பிறகு நேர்முகத் தேர்வில் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, "இவருக்கு ஆர்வம் அதிகம்" என்கிறார்கள். இதற்குப் பெயர் தகுதியாம்!

கூலி இல்லா உழைப்புக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு. வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கும் சொல். ஊருக்குக் கூலி வாங்காமல் செய்தே தீர வேண்டிய வேலை அது. அதை யார் தலையில் கட்டினார்கள் என்பதை நம் தாத்தாக்களிடம் கேட்டால் தெரியும். இன்றைக்கு அந்தச் சொல்லுக்குப் 'பயனற்றது' என்று பொருளாகிவிட்டது. உழைத்தவரை விட்டுவிட்டு உழைப்பைக் கேவலப்படுத்திய மொழி. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்களின் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்டர்ன்ஷிப்பும் கொத்தடிமைத்தனமும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு வந்து, கட்டணம் கட்டிய வாடிக்கையாளருக்குப் பயிற்சி கொடுத்து, இரவு பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போகிறவர் செய்வது வேலை. பயிற்சி மருத்துவர்களுக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிமுறை எழுதியே வைத்திருக்கிறது, அதையே ஒழுங்காகக் கொடுக்காத கல்லூரிகள் உண்டு என்பது வேறு கதை. நம் பிள்ளைகளுக்கு மட்டும் 'கற்றுக்கொள்வதே கூலி'யா?

ஆய்வுப் பக்கம் வந்தால் கதவு இன்னும் சின்னது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களை மனதில் வைத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுச் சட்டகத்தின்படி, நான்காண்டு இளநிலையில் ஆய்வுப் பிரிவுக்குப் போக முதல் ஆறு பருவத்தில் 75 சதவீத மதிப்பெண் வேண்டும். ஆங்கிலம் புரிய ஆரம்பிப்பதற்கே இரண்டு பருவம் போய்விடும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? எழுதாத கதவு வேறு இருக்கிறது. எந்தப் பேராசிரியர் எந்த மாணவரை "சாயங்காலம் லேபுக்கு வாப்பா" என்று கூப்பிடுகிறார் என்பதற்கு எந்த அறிவிப்புப் பலகையும் கிடையாது.

நம் பிள்ளைகளையும் கூப்பிடுவார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ட்ரெட்மில்லில் ஓடுவதற்கு. "நீங்கள்லாம் நேச்சுரலா ஸ்ட்ராங், ஸ்டாமினா ஜாஸ்தி" என்று முதுகில் ஒரு தட்டு வேறு. ஆள் மூச்சு வாங்க ஓடுவார். எண்களை எழுதுவது, கணக்குப் போடுவது, கட்டுரையில் பெயர் போடுவது இன்னொருவர். இது புதிதல்ல. இந்தத் துறையின் தாய்வீடுகளில் ஒன்று, 1927இல் தொடங்கிய ஹார்வர்டு களைப்பு ஆய்வகம். அதன் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் மிசிசிப்பிக்குப் போய், கறுப்பின, வெள்ளையின வாரக் குத்தகை விவசாயிகளை ஓடவிட்டு அளந்தார்கள். 1941இல் கட்டுரை வந்தது. அதில் ஆய்வாளர்களின் பெயர் இருக்கிறது, ஓடியவர்கள் அட்டவணையில் எண்களாக இருக்கிறார்கள். இயற்கையான வலிமை என்ற பேச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உடம்பு உங்களுடையது, மூளை எங்களுடையது என்று பாகம் பிரிக்கிற வேலை. வர்ணத்தின் தலை, கால் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தோழர்களே, இந்த அறிவியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று ஏசி ஆய்வகத்தில் பிறக்கவில்லை, பஸ்ஸில் பிறந்தது. ஏழை யூதப் புலம்பெயர் குடும்பத்தில் வளர்ந்த ஜெர்ரி மோரிஸ், லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநரைவிட, படி ஏறி இறங்கிய நடத்துநருக்கு இதய நோய் குறைவு. 1953இல் லான்செட் இதழில் வந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமனாக இருந்தார்களோ என்று தன் முடிவையே சந்தேகப்பட்டு, சீருடைக் கால்சட்டையின் இடுப்பளவுப் பதிவேட்டைப் புரட்டினார். ஓட்டுநர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிதுதான் என்று 1956இல் அதையும் வெளியிட்டார். தையற்கடைக் கணக்கை வைத்து ஓர் ஆய்வு! அந்த நேர்மையைத்தான் நாம் படிக்க வேண்டும்.

ஆக, "எங்க காலேஜ்ல லேப் இல்ல அண்ணா" என்று உட்கார்ந்துவிட வேண்டாம். ஹார்வர்டு படிச் சோதனைக்கு 20 அங்குல உயரப் பலகையும் ஒரு கடிகாரமும் போதும். நிமிடத்துக்கு 30 முறை, ஐந்து நிமிடம் ஏறி இறங்கி, பிறகு நாடி பார்ப்பது. (கடுமையான சோதனை, இதய நோய், இரத்த அழுத்தம் விசாரிக்காமல் யாரையும் ஏற்றாதீர்கள்.) போர்க் அளவுகோல் பாடத்தில் வரும், உழைப்பு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்று 6 முதல் 20 வரை எண் சொல்வது. தூத்துக்குடி உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் அம்மாவிடம் போய் 'ஓரளவு கடினம்' என்று புத்தகத் தமிழில் கேட்டால் என்ன விளங்கும்? அவர்களிடம் சொற்கள் இருக்கின்றன. மேல்மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குது, கால் வெலவெலங்குது, கண்ணு இருட்டுது. இவற்றில் எது எதற்கு முன்னால் வருகிறது, எந்தச் சொல்லின்போது நாடி எத்தனை? இதை ஒழுங்காகச் செய்தால் நல்ல மூன்றாம் ஆண்டு புராஜெக்ட். அதைச் செய்ய அந்தத் தெருவில் பிறந்தவருக்கு இருக்கும் வசதி மற்றவருக்குக் கிடையாது.

நம் ஆட்கள்தானே என்று நெறிமுறைக் குழு அனுமதி வாங்காமல் இறங்குவதும், புரியும்படி சொல்லாமல் கையெழுத்து வாங்குவதும் மிசிசிப்பியில் நடந்ததை நாமே திரும்பச் செய்வதாகிவிடும். வேலை நேரத்தில் அவர்களை நிறுத்தினால் கூலி போகும், அதற்கும் வழி பாருங்கள். முடிவைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள்.

கல்லூரியிடம் கேட்க வேண்டியதைச் சங்கமாகக் கேளுங்கள். கட்டாய இன்டர்ன்ஷிப்புக்கு உதவித்தொகை, விடுமுறையிலும் திறந்திருக்கும் விடுதி, சொந்த மாவட்டத்து அரசு மருத்துவமனையிலும் விளையாட்டு விடுதியிலும் இடம், ஆய்வு வேலைக்கு ஆள் எடுப்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. தனியாக ஓர் ஆய்வகத்துக்குள் போகிறவர்கள் முதல் நாளே கேளுங்கள், கட்டுரை வந்தால் எங்கள் பெயர் எங்கே வரும் என்று. "பாத்துக்கலாம்ப்பா" என்று வாய்வார்த்தையாகப் பதில் வந்தால், அன்றைக்கு ராத்திரியே, "சார், நீங்கள் இன்று சொன்னபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.