வெயிலை வாசலிலேயே நிறுத்தணும்!

கோவை என்றாலே குளுகுளு ஊர் என்று சொன்ன காலம் உண்டு. வெளியூரில் வேலை பார்த்தவர்கள் கோவைக்கு மாற்றல் கேட்டு வந்தார்கள். சிறுவாணித் தண்ணீரும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் கோவைக்காரர்களின் இரண்டு பெருமைகள்.

இப்போது? பங்குனி பிறப்பதற்கு முன்பே மின்விசிறி அனலைக் கொட்டுகிறது. கத்திரி வெயில் வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

பக்கத்து ஈரோட்டில் 2024 கோடையில் வெயில் 42 டிகிரியைத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையில் உயிர் போனால் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் என்றும் சொன்னது.

பேரிடர் என்று அறிவித்தாகிவிட்டது. சரி. ஆனால் அதைத் தடுக்க வீட்டில் என்ன செய்கிறார்கள்?

புயல் வந்தால் கதவை அடைக்கிறார்கள். வெள்ளம் வந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். வெயிலை மட்டும் வீட்டுக்குள்ளே விட்டுவிட்டு, அப்புறம் பணம் செலவழித்து விரட்டப் பார்க்கிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது!

திரை எந்தப் பக்கம்?

சன்னலுக்கு உள்ளே திரைச்சீலை போடுகிறார்கள். கனமான துணி, நல்ல விலை. "வெயில் வரலை பாருங்க" என்கிறார்கள். வெளிச்சம் வரவில்லை, வாஸ்தவம். சூடு வந்துவிட்டதே!

வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து துணியைச் சூடாக்குகிறது. சூடான துணி அறையைச் சூடாக்குகிறது. அந்தச் சூடு கண்ணாடி வழியே திரும்பி வெளியே போவதில்லை. திருடனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டின கதைதான்.

அதே திரையைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால்? வெயில் வெளியிலேயே நிற்கிறது. திரை சூடானாலும் அந்தச் சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. துணி ஒன்றுதான்; இடம் மாறினால் பலன் பல மடங்கு!

ஒரு சின்னக் கணக்கு. கோடையில் மாலை 4 மணிக்கு மேற்கு பார்த்த சன்னலில் ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் என்று வைத்துக்கொண்டாலும் அது அதிகப்படி அல்ல. நாலடிக்கு நாலடி சன்னல் ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர். ஆகமொத்தம் 750 வாட். வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி அவ்வளவுதான் இழுக்கும். அந்தச் சன்னல் வழியே ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பெரும்பங்கு தினமும் இரண்டு மூன்று மணி நேரம் அறைக்குள் இறங்குகிறது. அப்புறம் எப்படித் தூக்கம் வரும்?

ராத்திரியில் சுடும் சுவர்

சன்னலுக்கு மேலே சன்ஷேடு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உச்சி வெயிலுக்கு அது உதவும். மூன்று மணிக்கு மேல் சூரியன் சாய்ந்துவிட்டால் வெயில் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து நேராக உள்ளே அடிக்கும். அதை நிறுத்த, மேலிருந்து கீழே தொங்கும் திரைதான் வேண்டும்.

மேற்குச் சுவரும் சும்மா இருப்பதில்லை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மத்தியானம் முழுக்க வெயிலைக் குடிக்கும். குடித்ததை உடனே காட்டாது. பல மணி நேரம் கழித்து, ராத்திரி 9 மணிக்கும் 10 மணிக்கும் உள்ளே கக்கும்.

காந்திபுரத்தில் பஸ் பிடித்து, நெரிசலில் நின்றபடி சிங்காநல்லூரோ துடியலூரோ போய்ச் சேரும் குமாஸ்தா, சோறு உண்டுவிட்டுப் படுக்கும் நேரம் அதுதான். வெளியே காற்று சிலுசிலுவென்று இருக்கும். உள்ளே சுவரில் கை வைத்தால் சுடும். பகல் முழுக்க வீட்டோடு கிடக்கும் கிழவர்கள், கைக்குழந்தைகள் பாடு சொல்ல வேண்டியதில்லை.

பாட்டன் கண்ட வைத்தியம்

இது ஒன்றும் புதுசு அல்ல. கொங்கு நாட்டுப் பழைய ஓட்டு வீடுகளில் ஆசாரத்துக்கு முன்னால் மூங்கில் தட்டி தொங்கும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந் தடுக்கு கட்டுவார்கள். வெயில் ஏறினால் இறக்குவார்கள், வெயில் தாழச் சுருட்டி மேலே கட்டுவார்கள். கடைவீதியில் மேற்கு பார்த்த கடைக்காரர்கள் மத்தியானம் ஆனதும் படுதாவை இறக்கிவிடுவது வழக்கம். வடநாட்டில் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்துக் காற்றைக் குளிர வைத்தார்கள்.

வெளிநாட்டிலும் அப்படித்தான். ஜப்பானில் கூரைத் தாழ்வாரத்தில் மூங்கில் திரை தொங்குகிறது. இத்தாலி, ஸ்பெயின் நாடுகளில் சன்னலுக்கு வெளியே சுருள் கதவு இல்லாத வீட்டைத் தேட வேண்டும்.

இந்திய அரசும் சுவிட்சர்லாந்து அரசும் சேர்ந்து 2011-ல் தொடங்கிய கட்டட மின்சிக்கனத் திட்டமும் இதைத்தான் வலியுறுத்தியது: சன்னலுக்கு வெளியே, ஏற்றி இறக்கும் திரை! 2018 டிசம்பரில் மத்திய மின்துறை, குடியிருப்புகளுக்கு 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித் தொகுப்பை வெளியிட்டது. சுவர், சன்னல் வழியாக வீட்டுக்குள் எவ்வளவு சூடு வரலாம் என்று அது அளவு வைத்தது. பாட்டன் அனுபவத்தில் கண்டதை நிபுணர்கள் கணக்குப் போட்டு எழுதினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்று கடைகளில் பல தினுசு கிடைக்கிறது. மூங்கில் திரை உண்டு. நாற்றுப் பண்ணைக்காரர்கள் கட்டும் பச்சை நிழல்வலை உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் ஏறி இறங்கும் ரோலர் திரை உண்டு. அதன் துணியில் பொடிப்பொடிக் கண்கள் இருக்கும். வெயிலைத் தடுக்கும், காற்றை விடும், தெருவில் போகிறவரையும் பார்க்கலாம். கையில் உள்ள காசுக்கு ஏற்ப எதையும் மாட்டலாம். வெளியே மாட்ட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

ஏ.சி. வாங்கினால் தீருமா?

"ஒரு ஏ.சி.யை வாங்கி மாட்டிப்புட்டா முடிஞ்சுதுங்க" என்பவர்கள் இருக்கிறார்கள். தவணையில் கிடைக்கிறது. மாட்டலாம். ஆனால் கரண்ட் பில்?

மணிக்கு ஒரு யூனிட் என்று குறைத்துப் போட்டாலும், ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 480 யூனிட். விளக்கு, விசிறி, மிக்சி, கிரைண்டர் எல்லாம் தனி. யூனிட் கூடக் கூட ரேட்டும் படி ஏறும். மாதச் சம்பளக்காரருக்கு இது விளையாட்டுக் காரியமா?

இன்னொன்று. ஏ.சி. சூட்டை அழித்துவிடுவதில்லை. தன் அறையின் சூட்டை எடுத்துப் பக்கத்து வீட்டுச் சந்தில் கொட்டுகிறது! ஒரு வீடு குளிர்ந்தால் அடுத்த வீடு இன்னும் கொஞ்சம் வேகும்.

ஏ.சி. கூடாது என்று சொல்ல வரவில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் அது தேவையாக இருக்கலாம். ஆனால் மேற்குச் சன்னலைத் திறந்த வெயிலில் விட்டுவிட்டு ஏ.சி. போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது போலத்தான். முதலில் ஓட்டையை அடைக்கட்டும்.

"ஆணி அடிக்காதீங்க!"

சொந்த வீட்டுக்காரருக்கு இதில் சிக்கல் இல்லை. நினைத்தால் நாளைக்கே மாட்டலாம். வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்?

கோவையில் லைன் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"ஏனுங்கண்ணா, மேக்கால சன்னலுக்கு ஒரு தட்டி கட்டிக்கட்டுங்களா? கொழந்தைக்கு வேர்க்குரு தாங்கலீங்க."

"அதெல்லாம் வேண்டாம் அம்மிணி. சொவத்துல ஆணி அடிச்சா பூச்சு பேந்து வந்துரும்."

பேச்சு அத்தோடு முடிந்தது! இரண்டு கொக்கிக்காக ஒரு குடும்பம் கோடை முழுக்க வேகிறது. வாடகை மட்டும் 5-ம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும்.

வீட்டுக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பூச்சு பெயர்ந்தால் ஒரு கரண்டி சிமெண்டில் சரியாகிவிடும். அதற்குக்கூடப் பயம் என்றால், வெள்ளையடிக்கும்போது அவர்களே ஒவ்வொரு மேற்குச் சன்னலுக்கும் மேலே இரண்டு கொக்கி பதித்துவிடலாமே! வெயில் படாத சுவரில் பெயிண்டும் சீக்கிரம் வெளுக்காது. லாபம் அவர்களுக்கும்தான்.

2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. எப்படியும் எழுதப்போகிற பத்திரம்தானே? 'சன்னலுக்கு வெளியே வெயில் திரை மாட்டிக்கொள்ளலாம். காலி செய்யும்போது சுவரைச் சரிசெய்து தர வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் இரண்டு தரப்புக்கும் நியாயம்.

அழகு கெடுமாம்!

அடுக்குமாடி வீடுகளில் வேறு கதை. "பால்கனியில் தட்டி தொங்கினால் கட்டடத்தின் அழகு கெடும்" என்று சில சங்கங்கள் தடுக்கின்றன. ஆளுக்கொரு நிறத்தில் தொங்கினால் கண்ணை உறுத்தும் என்பது நியாயமான பேச்சுதான். அதற்குத் தடை எதற்கு? ஒரே நிறம், ஒரே அளவு என்று சங்கமே முடிவு செய்யட்டும். மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். உள்ளே மனிதர்கள் வெந்துகொண்டிருக்கும்போது வெளியே அழகு யாருக்கு?

கடைக்காரர்களும் கவனிக்க வேண்டும். மேற்கு வெயில் நேராக அடிக்கும் ஜவுளிக் கடையில் முன்வரிசைத் துணி சாயம் வெளுக்கிறது. மருந்துக் கடையில் பல மருந்துகளின் அட்டையிலேயே 25 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று அச்சடித்திருக்கிறது. படுதாவை இறக்குவது வியாபாரத்துக்கே நல்லது. ஆனால் கடை எல்லைக்குள் இறக்க வேண்டும். நடைபாதையில் கம்பு நட்டுப் பந்தல் போட்டால் அது ஆக்கிரமிப்பு. நடந்து போகிறவர் நடுரோட்டில் இறங்க வேண்டியிருக்கும்.

ஆடிக் காத்து ஜாக்கிரதை!

மாட்டினால் மட்டும் போதாது. ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கும் ஊர் இது. திரை எம்மாத்திரம்?

கீழே கனமான கம்பி கோத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கயிறோ கம்பியோ இழுத்துக் கட்ட வேண்டும். பலத்த காற்று அடித்தால் சுருட்டிவிட வேண்டும். சுவரோடு ஒட்டாமல் அரையடி தள்ளி மாட்டினால் சூடான காற்று மேலே ஏறிப் போய்விடும். பொழுதோட திரையைச் சுருட்டி, சன்னலைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சூடு வெளியேறாது. தீபாவளி சமயத்தில் மூங்கில் திரையும் வலையும் கண்டிப்பாகச் சுருட்டியே இருக்கட்டும். ஒரு பொறி போதும்!

மேல்மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 20 வாக்கில் உச்சிப் பொழுதில் சூரியன் கோவைக்கு நேர் மேலே நிற்கிறது. அப்போது அடி வாங்குவது மொட்டை மாடி. அதற்குத் தட்டி பதில் சொல்லாது. மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளை ஓடோதான் வைத்தியம். இரண்டையும் செய்தால் வீடு வீடாக இருக்கும்.

தறி ஓடும் நாட்டில் திரைக்குப் பஞ்சமா?

சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி ஓடுகிறது. கரூரில் கொசுவலையும் வெளிநாட்டுச் சன்னல்களுக்குத் திரைத்துணியும் நெய்கிறார்கள். உலகத்துக்கெல்லாம் துணி நெய்யும் கொங்கு நாட்டில், சொந்தச் சன்னலுக்கு ஒரு வெயில் துணி இல்லை என்றால் வேடிக்கை அல்லவா? வெயிலையும் மழையையும் தாங்கும் வலைத்துணியை மலிவாக நெய்து இங்கேயே விற்றால், வாங்க ஆள் இல்லாமல் போகாது. தறிக்காரருக்கும் ஒரு புது வழி திறக்கும்.

அரசும் சும்மா இருக்கக்கூடாது. பேரிடர் என்று சொன்ன பிறகு, செத்தபின் ரூ.4 லட்சம் கொடுப்பதோடு கடமை தீர்ந்துவிடாது. அரசு கட்டித் தரும் குடியிருப்புகளில் மேற்குச் சன்னல்களுக்கு வெளித் திரையோடு சேர்த்தே சாவி கொடுக்கட்டும். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முதலில் மாட்டட்டும். மாநகராட்சி கட்டட அனுமதி கொடுக்கும்போது, மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைப்பவரிடம் "வெயிலுக்கு என்ன ஏற்பாடு?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி. தெரிந்து என்ன பயன்? அடுத்த கத்திரி வருவதற்குள் மேற்குச் சன்னலுக்கு மேலே இரண்டு கொக்கி விழுந்தாக வேண்டும். வீட்டுக்காரர் "சரிங்க, மாட்டிக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைக்குக் காசு இல்லை!