சிணுங்கலுக்குக் கூலி

சின்ன நாய் என்றால் சிணுங்கத்தான் செய்யும், அது ஜாதிக் குணம் என்று எங்கள் தெருவில் ஒரு சித்தாந்தம் நிலவுகிறது. நான் ஒப்பமாட்டேன். பொமரேனியனைக் கம்பிக் கதவோடு கட்டிவிட்டு, முனகினால் ஒரு பிஸ்கோத்து, குரைத்தால் ஓர் அதட்டல், அடங்காவிட்டால் செருப்படி! அது பேசாமல் படுத்திருக்கும்போது மட்டும் ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

பத்து முறை மறுத்துப் பதினோராம் முறை இரங்குகிற தயாளர்களே அதிகம் கெடுக்கிறார்கள். எப்போதாவது கிடைக்கிற பலன் பழக்கத்தை எப்படிக் கெட்டிப்படுத்தும் என்று சூதாடியைக் கேளுங்கள்.

2010-இல் வியன்னா ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய் வளர்ப்போரை விசாரித்தார்கள். சின்ன நாய்க்காரர்களே பழக்குவதில் அசிரத்தை என்று தெரிந்தது. அடிக்கடி தண்டிக்கப்படும் நாய்களே அதிகம் பதறுவதாகவும் தெரிந்தது. ஜாதிக் குணம் யாருக்கு ஐயா?

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் காரென் ஓவரால் 1997-இல் வெளியிட்ட முறைக்கு ஒரு பாயும் கொஞ்சம் தின்பண்டமும் போதும். 15 நாள் பாடம். ஐந்து விநாடி நிதானமாக இருந்தால் ஒரு துணுக்கு. பிறகு பத்து விநாடி. பிறகு நாம் ஓரடி விலகுவது, கைதட்டுவது, வாசல் மணி அடிப்பது. பதறினால் அதட்டல் கிடையாது, முந்தைய எளிய படிக்குத் திரும்ப வேண்டும். விறைத்து உட்காருவது அமைதியல்ல. மூச்சு நிதானப்பட்டு உடம்பு தளர வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்கிறார்கள். செருப்பைத் தேட நேரமிருக்கிறது!

திடீரென்று முனகத் தொடங்கிய நாயானால், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பல்லோ வயிறோ வலிக்கலாம்.