முதல் அடியில் குத்தும் குதிகால்

கேள்வி: ''வயது 44. நடவு, களையெடுப்பு என்று தினமும் வயல் வேலைதான். மூன்று மாதமாக, காலையில் எழுந்து காலை ஊன்றினால் வலது குதிகாலில் ஆணி அடித்ததுபோல் வலிக்கிறது. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. சாயங்காலம் திரும்பவும் வலி. எக்ஸ்ரே எடுத்ததில், எலும்பு வளர்ந்திருக்கிறது என்கிறார்கள். ஊசி போட்டுக்கொள்ளலாமா?''

- வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: உடனே ஊசிக்குப் போக வேண்டியதில்லை. குதிகாலிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை, பாதத்துக்கு அடியில் தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. வில்லுக்கு நாண் போல, பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். குதிகால் எலும்போடு சேருமிடத்தில் அது அளவுக்கு மீறி இழுபட்டு நைந்துபோனால் இந்த வலி வரும். இரவில் சுருங்கிக் கிடக்கும் பட்டை காலையில் திடீரென இழுபடுவதால்தான் முதல் அடி அப்படிக் குத்துகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள், வலியே இல்லாத பலருக்கும் இருக்கிறது. முள் அப்படியே இருக்க, வலி மட்டும் போய்விடுவதும் உண்டு.

வயல் சேறு மெத்தென்றுதான் இருக்கும். காய்ந்த வரப்பிலும் சிமென்ட் களத்திலும் வெறுங்காலோடு நடப்பதுதான் குதிகாலைப் பதம் பார்க்கிறது. மருந்தடிக்கும் ஆண்களுக்கும் இது பொருந்தும். 16 லிட்டர் தெளிப்பானில் தண்ணீர் மட்டுமே 16 கிலோ; அந்தப் பாரமும் பாதத்தில்தான் இறங்குகிறது. உடல் எடை கூடியவர்களுக்கும், கெண்டைக்கால் தசை இறுகியவர்களுக்கும் வலி எளிதில் வரும்.

காலையில் பாயை விட்டு எழுவதற்கு முன்பே சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தின் முன்பகுதியில் துண்டை மாட்டி, முட்டி மடங்காமல் தன் பக்கம் இழுத்து 30 விநாடி பிடிக்க வேண்டும். இப்படி மூன்று முறை. பகலில், சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாய வேண்டும். சாயங்காலம், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, பாதத்துக்கு அடியில் பத்து நிமிடம் உருட்டலாம். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு வேண்டும். எம்.சி.ஆர். செருப்பு நல்லது. அடி தேய்ந்த பழைய செருப்பை, வார் அறும்வரை போட்டுத் தீர்ப்பது வீண் சிக்கனம்.

இரண்டு நாளில் இது கேட்காது. சில மாதங்கள் பிடிக்கும். ஆனால், பெரும்பாலானவர்களுக்கு ஊசி இல்லாமலே சரியாகிவிடுகிறது. ஊசியால் கிடைக்கும் சுகம் பெரும்பாலும் தற்காலிகமானது. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு. மருந்துக்கடையில் தானாக வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் வெயிலில் வேலை செய்தால் சிறுநீரகம் கெடும்.

பாதம் வீங்கிச் சிவந்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். எரிச்சலோ மரத்துப்போன உணர்வோ இருந்தால், முதல் வேலையாகச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் முள் ஏறினாலும் தெரியாது. புண் சீழ் பிடித்த பிறகே கண்ணில் படும். அப்படித் தாமதித்து விரலை இழந்தவர்கள் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு வயலில் இறங்கக் கூடாது. இரவில் காலைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். கண் சரியாகத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், அதற்கென விற்கும் பிளாஸ்திரியை ஒட்டுவதும் அவர்களுக்கு ஆகாது. பிளாஸ்திரியில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.