மரபணுவுக்கு யார் பொறுப்பு?

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையங்களில் சர்க்கரை, கொழுப்பு அளவுகளோடு மரபணுப் பரிசோதனைக்கும் இப்போது மாதிரி பெறுகிறார்கள். இது வரவேற்கத்தக்க வளர்ச்சியே. ஆனால், அந்த அறிக்கையைக் கொண்டு பிறர் நமக்கு எதையெல்லாம் மறுக்கலாம் என்ற கேள்விக்கு நாடாளுமன்றம் இன்னும் விடை அளிக்கவில்லை.

நம் உயிரணுக்களில் 23 இணை குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய்வழி வந்தது. மற்றொன்று தந்தைவழி வந்தது. அவற்றில் சுருண்டிருக்கும் டி.என்.ஏ., நான்கே எழுத்துகளால் ஆன நெடிய ஏடு. ஒரு முழுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். எந்தப் புரதத்தை எவ்வாறு உருவாக்குவது என்று அதில் குறித்திருக்கும் பகுதிகளே மரபணுக்கள். அவை சுமார் 20,000.

ஒரு பிரதி பழுதானாலும் மற்றொன்று பணியைச் செய்துவிடுவது உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்து சேரும்போதுதான் தலசீமியா போன்ற நோய்கள் கடுமையாக வெளிப்படுகின்றன. அத்தகைய பிரதியைச் சுமக்கும் இருவர் நலமாக வாழலாம். எனினும், அவர்களது ஒவ்வொரு குழந்தைக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

தமிழகத்துக்கு இது மிக நெருக்கமான செய்தி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கு நடக்கும் திருமணங்களில் 28 விழுக்காடு உறவுக்குள் நிகழ்பவை. தேசிய சராசரி 11 விழுக்காடு. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணப்பவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். ஆயினும், ஒரே முன்னோரின் பழுதான பிரதி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு உறவினரிடையே கூடுதல். ஆகவே, முன்கூட்டிய பரிசோதனை நமக்கு அதிகம் தேவை.

அறிக்கை தமக்கு எதிராகத் திரும்பும் என்ற அச்சம் இருந்தால் யார் பரிசோதனைக்கு முன்வருவார்கள்? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் தொடர்பான வழக்கில், மரபணுக் கோளாறு என்ற பொதுவான காரணத்தைக் காட்டி இழப்பீட்டை மறுப்பது பாகுபாடு என 2018-இல் தில்லி உயர்நீதிமன்றம் கூறியது. அத்தகைய மறுப்பு கூடாது என்று ஒழுங்காற்று ஆணையமும் சுற்றறிக்கை அனுப்பியது. பின்னர் வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. ஆக, நமக்கு இருக்கும் பாதுகாப்பு சுற்றறிக்கை அளவிலானதே.

ஆபத்தை அறிந்தவர்கள் மட்டும் காப்பீட்டை நாடினால் நிறுவனங்கள் நட்டப்படும் என்ற வாதத்தைப் பொருளியல் படித்தவன் புறந்தள்ள முடியாது. அதற்குரிய தீர்வு நோய்வாய்ப்பு உள்ளவரை விலக்குவதன்று. நலமுள்ளோரையும் சேர்த்துக் கூட்டை விரிவாக்குவதே. அரசே கட்டணம் செலுத்தும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் யாருடைய மரபணுவையும் கேட்டு விலை பேசுவதில்லை.

எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் மீதான பாகுபாட்டைத் தடுக்க 2017-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அமெரிக்கா மருத்துவக் காப்பீட்டிலும் வேலைவாய்ப்பிலும் மரபணுப் பாகுபாட்டை 2008-லேயே தடைசெய்தது. இரண்டையும் முன்மாதிரியாகக் கொண்டு, ஒப்புதலின்றி அறிக்கையைப் பகிர்வதையும், அதைக் காட்டிக் காப்பீட்டையோ வேலையையோ மறுப்பதையும் குற்றமாக்கும் சட்டம் நமக்கு வேண்டும். ஒருவரின் அறிக்கை அவருடைய உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் பற்றியும் பேசுகிறது. பரிசோதனை நிலையங்கள் பெருகும் வேகத்துக்குச் சட்டமும் ஈடுகொடுக்க வேண்டும்.