கைதட்டலுக்காக அல்ல, கதையை மாற்றுவதற்காக

குழந்தைகள் இல்லத்தின் ஆண்டு விழா எப்படி நடக்கும் என்பது பலருக்கும் தெரியும். நன்கொடையாளர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் சினிமா பாட்டுக்கு ஆடுவார்கள். தாயில்லாப் பிள்ளை அழுவதாக ஒரு குறுநாடகமும் கட்டாயம் இருக்கும். நடிப்பது அந்த இல்லத்துப் பிள்ளைகள்தான். பார்ப்பவர்கள் கண் கலங்குவார்கள், காசோலை வரும். பிள்ளையின் துயரத்தைக் கடைவிரிக்கும் இந்த வேலைக்கு நாடகப் பயிற்சி என்று பெயர் வைக்கக் கூடாது.

இதே நாடகத்தை முறையாகக் கற்றுக்கொடுத்தால், பெற்றோரைப் பிரிந்து இல்லத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ வாழும் பிள்ளைகளுக்கு அது பெரும் துணையாக நிற்கும். ஏன் என்று பார்ப்போம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44ஆம் பிரிவில் வளர்ப்புப் பராமரிப்புக்கு வழி செய்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எல்லாம் நல்லதே. ஆனால் எந்த வீடு, எந்தப் பள்ளி, தங்கை கூட வருவாளா, அம்மாவை எப்போது பார்க்கலாம் என்பதையெல்லாம் பெரியவர்களே முடிவு செய்கிறார்கள். பிள்ளையின் வாழ்க்கை ஒரு கோப்பாக மேசைக்கு மேசை நகர்கிறது. அந்தப் பிள்ளையிடம், 'இந்தக் கதையில் அடுத்து என்ன நடக்கணும்? நீயே சொல்லு' என்று கேட்கும் இடம் ஒத்திகைக் களம்.

நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் என்றொரு பாத்திரம் உண்டு. ராஜா வருவதை அறிவிப்பவனும் அவனே, அந்த ராஜாவைக் கிண்டல் செய்பவனும் அவனே. கதைக்குள் நின்றபடியே ஊர் நியாயம் பேசுவான். வார்டனிடமோ வளர்ப்புத் தாயிடமோ நேரில் கேட்க முடியாததை, கட்டியக்காரனாக நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டுவிட முடியும். 'எனக்கு நடந்தது' என்று சொல்ல வேண்டியதில்லை. 'அவனுக்கு நடந்தது' என்றால் போதும். வேடம் அந்தப் பிள்ளைக்குக் கவசம்.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய ஒடுக்கப்பட்டோர் அரங்கிலும் இதற்கு நெருக்கமான ஒரு முறை இருக்கிறது. அநியாயம் நடக்கும் காட்சியைப் பார்வையாளர் பாதியில் நிறுத்தலாம். தானே மேடையேறி அதை வேறு மாதிரி நடித்துக் காட்டலாம். மேற்கு வங்கத்தில் ஜன சன்ஸ்கிருதி அமைப்பு 1985இலிருந்து கிராமங்களில் இயங்கி, இந்த முறையைப் பரப்பியிருக்கிறது. காட்சியை மாற்றிப் பழகிய பிள்ளை, வாழ்க்கையிலும் 'இது இப்படித்தான் இருக்கணுமா?' என்று கேட்கத் தொடங்கும்.

தலித் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பெற்றோரை இழந்தாலும் சாதி அவர்களை விடுவதில்லை. 'சொந்த ஊர் எது? எந்தத் தெரு?' என்ற விசாரிப்பு இல்லத்துக்குள்ளும் வருகிறது, வளர்ப்புக் குடும்பத்தின் உறவினர் வாயிலிருந்தும் வருகிறது. தேறுதல் சொல்ல அம்மாவும் இல்லை, சண்டைக்குப் போக அப்பாவும் இல்லை. அந்தக் கேள்வியை எதிர்கொள்வது எப்படி என்று பத்துப் பேரோடு சேர்ந்து நடித்துப் பார்க்கும் பிள்ளை, அடுத்த முறை தலைகுனிந்து நிற்காது.

ஆனால் நாடகத்துக்குள்ளும் சாதி புகும். சிவந்த நிறமுள்ள பையனுக்கு ராஜா வேடம், கறுத்தவனுக்குக் காவலாளி வேடம் என்று பிரிப்பதைப் பார்க்கிறோம். 'இவனுக்கு ரத்தத்திலேயே இருக்கு' என்று பறையைத் தலித் பிள்ளையின் கையில் திணிப்பதும் சாதிதான். பறை விடுதலையின் இசையாக வேண்டுமானால் விரும்பிய பிள்ளைகள் எல்லோரும் அதைக் கற்க வேண்டும். தலித் பிள்ளை ராஜாவாகவும் நடிக்க வேண்டும், நாடகத்தை எழுதவும் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 'பலி ஆடுகள்' நாடகத்தை எழுதிய கே.ஏ. குணசேகரன், தன் வாழ்க்கையை 'வடு' என்ற தன்வரலாறாக 2005இல் வெளியிட்டார். அது வளர்ந்த மனிதர் தாமே எடுத்த முடிவு. பிள்ளையிடம் 'உன் கதையைச் சொல்லு' என்று வற்புறுத்துவது வேறு. பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. நாடகப் படத்தை முகநூலில் போடும் நிர்வாகிகள் இதைப் படிக்க வேண்டும்.

படிப்பே தடுமாறும்போது நாடகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நம் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம், 2002 முதல் 2020 வரை பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தது. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளையும் ஏற்றியது. அது ஆதரவற்றோர் இல்லம் அல்ல. ஆனால் படிப்பும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதை நம் மண்ணிலேயே காட்டியது. இல்லங்கள் தர வேண்டிய சேவைகளில் மனநல ஆலோசனையோடு கலை நிகழ்வுகளையும் சட்டத்தின் 53ஆம் பிரிவு சேர்த்திருக்கிறது. நாடகம் ஆலோசகரின் வேலையைச் செய்துவிடாது. குடும்பத்தின் இடத்தையும் நிரப்பாது. இரண்டும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்த கலைஞர்களிலிருந்து தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்து, பின்னணியைச் சரிபார்த்து, கௌரவமான ஊதியத்தில் ஆண்டு முழுவதும் அமர்த்த வேண்டும். வாரத்தில் ஒரு நாள், அதே முகம் திரும்பத் திரும்ப வர வேண்டும். வந்தவர் எல்லாம் போய்விடுவதைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள். வளர்ப்புக் குடும்பங்களின் பிள்ளைகளையும் அதில் சேர்க்க வேண்டும். 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும். ஒத்திகையில் வெளிப்படும் குறைகளைப் பிள்ளைகள் விரும்பினால் இல்லத்தின் குழந்தைகள் குழு வழியாக நிர்வாகம் கேட்க வேண்டும். 18 வயதில் வெளியேறும் இளைஞர்களுக்கும் பிற்காப்புக் காலத்தில் இந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தால், மேடையில் நடப்பது யார் எழுதிய கதை என்று கேளுங்கள். 'பிள்ளைகளே எழுதினார்கள்' என்று பதில் வந்தால் மட்டும் கைதட்டுங்கள்.