சித்திரம் சின்னப் பாடமா?

"சித்திரம்தானே சேர், அந்தப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுங்களேன்" என்று கேட்கும் பெற்றோருக்கு நாங்கள் ஓனோரே தோமியே என்ற பிரெஞ்சு ஓவியரைப் பற்றிச் சொல்வோம்.

ஏழைகளின் காசை விழுங்கும் பூதமாக மன்னர் லூயி பிலிப்பை 1831இல் வரைந்தார். ஆறு மாதச் சிறை. வெளியே வந்தும் நிறுத்தவில்லை. 1834இல் பாரிஸில் படையினர் வீடு புகுந்து சுட்டுக் கொன்றவர்களைக் கல்லில் வரைந்து அச்சிட்டார். அதில் கேலியே இல்லை. இரவுடையில் செத்துக் கிடக்கும் தகப்பன், அவருக்கடியில் குழந்தை.

1835இல் புதுச் சட்டம் வந்தது: படம் வெளியிட முன்அனுமதி வேண்டும். பத்திரிகை எழுத்துக்கு அது தேவையில்லை. ஏன்? வாசிக்கத் தெரியாதவருக்கும் படம் விளங்கும்.

அரசே பயந்த பாடம் இது. அந்த 40 நிமிடத்தைப் பிள்ளைகளிடமே விடுவோம். கணிதத்துக்கு வேறு நேரம் தேடுவோம்.